சிவப்புத் துணி கட்டாத கயிறு

காலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் ஊருக்குள் தென்னரசின் குரல் வந்துவிடும். "வாளேய்... மத்தேய்... நெத்திலி, கெளுத்தேய்..." என்று ஒவ்வொரு மீனையும் பேர் சொல்லி இழுத்துக் கூப்பிடும் குரல். கடைசியில் "மீனேய்ய்ய்" என்று ஒரு தூக்குத் தூக்கும் பாருங்கள், தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். குரலோடு தென்னரசும் பைக்கில் வருவான். ஆனால் அவன் வாய் மூடியிருக்கும். குரல் வருவது ஹேண்டில்பாரில் கட்டியிருக்கிற ஸ்பீக்கரிலிருந்து.

அதை ஸ்பீக்கரில் ஏற்றிக் கொடுத்தவன் நான். பெயர் பூவரசன். கூட்டேரிப்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். நன்றாகக் காது கொடுத்துக் கேட்டால் தென்னரசின் குரலுக்கு அடியில் ஒரு பெண்ணின் குரலும் கேட்கும். ஏழெட்டு வார்த்தைதான். அது இளவரசி அண்ணியின் குரல். இதில் நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

இளவரசி அண்ணி என் பெரியப்பா மகன் அப்பாதுரையின் மனைவி. முகையூர்ப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் எங்கள் ஊருக்கு வாழ வந்தாள், இப்போது நாற்பத்தெட்டு நடக்கிறது. ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு மாடு. ஒரே மகள் அன்புச்செல்வியைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் பெயரில் பட்டா இருக்கிறதே தவிர, எந்த வரப்பில் எந்த நண்டு வளை வைத்திருக்கிறது என்பது வரைக்கும் அண்ணிக்குத்தான் தெரியும்.

வாய்த் துடுக்கு என்றால் அப்படி ஒரு துடுக்கு. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பெண் வீட்டார் நாலு பேர் நிற்கும்போதே, "இன்னா பூவரசு, சாம்பாருல உப்பைக் காட்டிட்டு எடுத்துட்டாங்களா?" என்று கேட்டவள். குழாயில் புழு வருகிறது என்று பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்து, "நீங்க குடிச்சுக் காட்டுங்க, அப்பறம் நாங்க குடிக்கிறோம்" என்றவள். அவளுக்குப் பயந்து ரேஷன் கடைக்காரன் எடை சரியாகப் போடுவான். அப்படிப்பட்டவள் ஒரு கேள்விக்கு, ஒரே ஒரு கேள்விக்கு, வாயைத் திறந்து பொய் சொன்னாள். அந்தப் பொய் ஒரு ராத்திரிதான் நின்றது. அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தை அறுவடை முடிந்த கையோடு உளுந்து போடுவோம். பங்குனி கடைசியில் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் அதன்மேல் ஏறி ஏறிப் போக, காய் வெடித்து மணி உதிரும். வேலையாள் கூலி மிச்சம். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் போலீஸ் வந்து கேஸ் போடுவோம் என்று மிரட்டிவிட்டுப் போகும், நாங்களும் தலையாட்டிவிட்டு மறுநாள் பரப்புவோம்.

மணி உதிர்ந்த பிறகு வண்டி ஏறக்கூடாது, ஏறினால் உடைந்துபோகும். அப்போது ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டுவோம். எங்கள் ஊர்க் கிளை ரோட்டில் இந்தப் பக்கம் ஒரு புளியமரம், எதிரில் கரண்டு கம்பம். இரண்டுக்கும் இடையில் ஒரு நைலான் கயிறு. நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அது ஊர் வழக்கம், யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சிவப்பைப் பார்த்ததும் பைக்கில் வருகிறவன் வேகத்தைக் குறைத்து, தலையைக் குனிந்து, ஓரமாகக் கயிற்றுக்கு அடியில் புகுந்து போய்விடுவான். அப்படிக் குனிந்து போனவர்களில் நானும் ஒருத்தன். எத்தனையோ வருஷம் போயிருக்கிறேன். இது ஆளைக் கொல்லுமே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. நிற்கிற மனுஷனுக்கு நெஞ்சு உயரத்தில் இருக்கிற கயிறு, பைக்கில் உட்கார்ந்து வருகிறவனுக்குக் கழுத்து உயரத்தில் இருக்கும். இவ்வளவு சின்னக் கணக்கு ஊரில் யாருக்கும் புரியவில்லை.

அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். அண்ணி உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணன் டீ குடிக்கப் போனவர் வரவில்லை. முதல் கூடை நிரம்பியது. தலையில் தூக்கி வைக்கச் சும்மாடு வேண்டும். எப்போதும் இடுப்பில் ஒரு பழந்துணி வைத்திருப்பாள், அன்றைக்கு மறந்துவிட்டாள். கண்ணுக்கு எதிரில் கயிற்றில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. வீடு இருநூறு அடி தூரம்தான். போய்க் கொட்டிவிட்டு வந்ததும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று துணியை அவிழ்த்துச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தென்னரசு அப்போதுதான் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மீன் விற்று முடித்துக் காலிப் பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான். விடியற்காலை மரக்காணம் போய் மீன் எடுத்து வந்து விற்கிற பையன், இருபத்தாறு வயது. காலனியில் வீடு. தாய் ஜெசிந்தா மட்டும்தான், அப்பன் இல்லை. வெயிலுக்கு ஒரு ஈரத் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தான். ரோட்டில் கூட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஆளும் இல்லை, சிவப்பும் இல்லை. உச்சி வெயிலில் அந்த வெளிர்நீலக் கயிறு எவன் கண்ணுக்குத் தெரியும்?

அண்ணி வெறுங்கூடையோடு திரும்பி வரும்போது பைக் ஒரு பக்கம் கிடந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தென்னரசு உளுந்துச் செத்தைமேல் உட்கார்ந்திருந்தான். கயிறு புளியமரத்துப் பக்கம் அவிழ்ந்து தரையில் கிடந்தது. முடிச்சு நழுவியதால்தான் தலை தப்பியது. மோவாயிலும் மார்பிலும் ரோடு தேய்த்த சிராய்ப்பு. கழுத்தில் துண்டு இருந்ததால் கயிற்றுத் தடம் விழவில்லை, லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"இன்னாடா தம்பி, இன்னா ஆச்சு?"

"தெரியலக்கா. வந்துக்கினு இருந்தேன்... வானம் தெரிஞ்சிது. வழுக்கிட்டுது போல." குரல் கரகரவென்று வந்தது. "ஒண்ணும் இல்லக்கா. கழுத்துதான் பிடிச்சாப்ல இருக்குது."

அவனுக்குக் கயிறே தெரியாது. அண்ணிக்கு அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அடிபட்டவனுக்கு முதல் வைத்தியம் சோடா. யாரோ ஓடிப்போய் வாங்கி வந்தார்கள். ஒருத்தன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மரத்தடியில் உட்காரவைத்தான். தென்னரசு ஒரு வாய் குடித்தான். முழுங்க முடியாமல் இருமித் துப்பினான். துப்பியதில் ஒரு நூல் ரத்தம் இருந்தது. பல்லில் பட்டிருக்கும் என்றார்கள். அண்ணி மட்டும் அதைக் காலால் மண் தள்ளி மூடினாள். ஏன் மூடினேன் என்று இன்று வரைக்கும் தெரியவில்லை என்கிறாள்.

அப்பாதுரை அண்ணன் வந்து பார்த்தார், பார்த்ததுமே கயிற்றைச் சுருட்டினார். மனைவியின் காதோடு சொன்னார்: "உளுந்துல வழுக்கி உழுந்துட்டான், அவ்ளோதான். கயிறுன்னு வாயைத் தொறந்தா கேஸு, கோர்ட்டுன்னு பேஜாராப் பூடும். நம்ம பொண்ணு மாசமா இருக்கிறா, ஞாபகம் வச்சுக்கோ."

108 வண்டி வந்தது. அதில் வந்த பையன் "எப்படி விழுந்தாரு?" என்று கேட்டான். அண்ணன் வழுக்கிவிட்டது என்றார். தென்னரசும் கையால் ஆமாம் என்று காட்டினான். அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவள் தலையில் அந்தச் சிவப்புத் துணி சும்மாடாகவே இருந்தது. வண்டி போன பிறகுதான் அவள் கை அதைத் தொட்டது.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கழுத்தெலும்பில் ஒரு விரிசல் என்று ஸ்கேனில் தெரிந்தது. கை கால் வராமல் போகவில்லை, நல்ல காலம் என்று சொல்லி, கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை மாட்டி, ஆடாமல் அசையாமல் படுக்க வைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து "வழுக்கி விழுந்தது" என்று எழுதிக்கொண்டு போனார். ஊரே பெருமூச்சு விட்டது.

மறுநாள் அண்ணி கேப்பைக் கூழைக் கரைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அங்கே ஜெசிந்தா மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா. பாரு, கஞ்சி ரெண்டு வாய்க்கு மேல எறங்கமாட்டேங்குது. முழுங்குனா குத்துதாம். நேத்திக்கிப் பேசினான், இன்னிக்கி காத்துதான் வருது."

"எலும்பு ஒடஞ்சிருக்குது இல்ல, அதான்" என்றாள் அண்ணி.

அதுதான் எல்லோருக்கும் கிடைத்த பதில். நர்ஸும் அதையே சொன்னாள். கழுத்து உடைந்தவனுக்குக் கழுத்து வலிக்காமல் வேறெங்கே வலிக்கும்? பட்டை இறுக்கமாகிவிட்டது என்று ஜெசிந்தா சொன்னதற்கு, புதுசாகப் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அந்தப் பட்டை மோவாயிலிருந்து மார்பு வரைக்கும் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குச் சித்ரா என்று ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு, முகத்தில் தூக்கம் கெட்ட களை. தென்னரசைப் பேசச் சொல்லிக் கேட்டாள், நெற்றியைச் சுருக்கினாள். காகிதத்தைப் புரட்டிவிட்டு, "கீழ விழறதுக்கு முன்னாடி தொண்டைல ஏதாவது இடிச்சுதா? ஹேண்டில்பாரு, கம்பி, கயிறு, அந்த மாதிரி ஏதாவது? யாராவது நேர்ல பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா அண்ணியைக் காட்டினாள். "இவங்கதாம்மா மொதல்ல பாத்தவங்க."

டாக்டரம்மா அண்ணியைப் பார்த்தாள். தென்னரசும் கண்ணை மட்டும் திருப்பி அண்ணியைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்ததோ என்னவோ.

"இல்லீங்க. ஒண்ணும் இடிக்கல. உளுந்து வழுக்கிட்டுது."

சாம்பாரில் உப்பு இல்லை என்று ஊர் கேட்கச் சொன்ன அதே வாய்தான். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். எனக்கு இதை எழுதும்போதுகூட, "சொல்லுங்களேன் அண்ணி" என்று கத்தத் தோன்றுகிறது. ஆனால் நான் அங்கே இருந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? அதே ரோட்டில் என் உளுந்தும்தான் கிடந்தது.

கிளம்பும் முன்னால் அவன் முகத்து வேர்வையை அண்ணி முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பட்டைக்கு மேலே, காதுக்குக் கீழே விரல் பட்டது. தோலுக்கு அடியில் ஏதோ பொறபொறவென்று நொறுங்கியது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் அதேதான். காய்ந்த உளுந்துக் காயைத் துணியில் கட்டி அமுக்கினால் விரலுக்கு எப்படித் தெரியுமோ, அப்படி. எலும்பு அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மனுஷத் தோலுக்குள் அந்தச் சத்தம் இருக்கக்கூடாது என்பதும் தெரியும்.

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். வழியெல்லாம் விரல் நுனியில் அது நொறுங்கிக்கொண்டே வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தாலும், டிக்கெட்டைப் பிடித்தாலும் அதுவேதான். வீட்டுக்கு வந்து சோறு பிசையக் கையை வைத்தாள், அங்கேயும் அதுதான். தட்டைத் தள்ளிவிட்டாள். அண்ணன் "இன்னாடி?" என்றார். "நீ கம்முன்னு இரு" என்று மட்டும் சொன்னாளாம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். கையில் ஒரு கட்டைப்பை. அண்ணன் வாசல்வரை வந்து மறித்திருக்கிறார். "நான் ஜெயிலுக்குப் போறேன், நீ மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

டாக்டரம்மா முந்தின நாள் டியூட்டி முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். அண்ணி வழியை மறித்து நின்று, பையிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினாள்.

"இதுலதாம்மா அடிச்சுக்கினான். தொண்டையில. நான் கட்டுன கயிறு. நேத்தி நீ கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன். தோலுக்குள்ள என்னமோ நொறுங்குதும்மா, ஜல்தி வந்து பாரு."

டாக்டரம்மா அப்படியே திரும்பி ஓடினாளாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணிக்கு அழுகை வந்துவிடும். கழுத்தை ஆடாமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பட்டையை முன்பக்கம் கழற்றினார்கள். கழுத்து பனங்காய் மாதிரி உப்பியிருந்தது. தென்னரசு மூச்சை இழுக்கும்போது ஒரு சத்தம், துருப்பிடித்த கம்பிக் கதவு திறக்கிற சத்தம். அவசர அவசரமாகத் தொண்டைக்குக் கீழே ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் குரல்வளை நொறுங்கியிருந்தது. பின்னால் சோறு இறங்கும் பாதையிலும் ஒரு கிழிசல். குடித்த சோடாவும் கஞ்சியும் மூச்சுக் காற்றும் அதன் வழியாகக் கசிந்து தோலுக்கடியில் தேங்கிச் சீழ் பிடித்திருந்தது.

உயிர் பிழைத்தான். ஒரு மாதம் கழித்து அண்ணி விழுப்புரம் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மொத நாளே சொல்லியிருந்தா?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னாள். பிறகு, "வழுக்கி விழுந்தவங்களுக்கு எலும்பைத்தான் தேடுவோம். தேடினோம், கிடைச்சுது, அதோட நின்னுட்டோம். எங்க மேலயும் தப்பு இருக்கு. கயிறுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே தொண்டைக்குள்ள பார்த்திருப்போம். உடனே சரி பண்ணியிருந்தா பேச்சு வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றாள். கேஸ் ஷீட்டில் கயிறு என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டதாகவும் சொன்னாள். "ஆனா அவங்க வீட்ல நான் சொல்லல. அதை நீங்கதான் சொல்லணும்."

அண்ணி சொல்லவில்லை. போலீசும் முதல் நாள் எழுதியதோடு சரி. ஜெசிந்தா என்னவென்றால் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அன்னிக்கி ஓடியாந்து டாக்டரைக் கூப்புட்டதாலதான் என் புள்ள கெடச்சான். மாதாவே உன்னை அனுப்புனா" என்றாள். இதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பது?

அண்ணி ஆளே மாறிப்போனாள். யாரோடும் சண்டை இல்லை. ரேஷன் கடைக்காரன் பழையபடி எடையைக் குறைத்தான், பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தாள். உளுந்து போடுவதை நிறுத்தி மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டாள், ஆனால் காய் உடைக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவாள், விரலில் அந்தச் சத்தம் வந்துவிடுமாம். கொல்லையில் துணி காயப்போடும் கொடியை அறுத்து எறிந்துவிட்டு வேலிமேல் உலர்த்தினாள். கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டினால் அந்தக் கயிற்றில் போய்ச் சிவப்புத் துணி கட்டுவாள். கரண்டு கம்பத்தின் இழுவைக் கம்பியில் கட்டுவாள். மாட்டைக் கட்டியிருக்கிற கயிற்றில்கூடக் கட்டிவிட்டாள் ஒருநாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. அந்த வெளிர்நீலக் கயிறு மட்டும் அவள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நடுவில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.

எட்டு மாதம் கழித்துத் தென்னரசு மறுபடி பைக்கை எடுத்தான். தொண்டைக் குழியில் குழாய், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. குழாயை விரலால் மூடினால் காற்றும் கரகரப்புமாக ஏதோ வரும், அருகில் நின்றால்தான் புரியும். மீன்காரனுக்குச் சத்தம் இல்லையென்றால் வியாபாரம் ஏது? வீடு வீடாகப் போய் ஹாரன் அடித்துப் பார்த்தான். பொம்பளைகள் வெளியே வருவதற்குள் மீன் நாறிவிடும் போலிருந்தது.

ஒரு மத்தியானம் அண்ணி என் கடைக்கு வந்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள் என்று பிறகு புரிந்தது. தன்னுடைய பழைய போனை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

"பூவரசு, இதுல தென்னரசு கொரலு இருக்குது. எடுத்து ஒரு ஸ்பீக்கருல போட்டுக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத."

வாட்ஸாப்பில் அன்புச்செல்விக்கு அவள் அனுப்பிய பேச்சு அது. வாசலில் நின்று பேசியிருக்கிறாள், பின்னால் தெருவில் தென்னரசு கூவிக்கொண்டு போகிறான். முழுசாக, மணி மாதிரி, எல்லா மீன் பேரும் வருகிறது. ஆனால் கடைசி "மீனேய்ய்ய்" மேல் அண்ணியின் குரலும் சேர்ந்து விழுகிறது: "ரோட்டுல உளுந்து கெடக்குது, கயிறு கட்டிட்டு வந்து பேசுறேன்."

தேதியைப் பார்த்தேன், அவன் விழுந்த அதே நாள். அவளைப் பார்த்தேன். அப்போதுதான் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் அவள் சொன்னாள். கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னாள்.

"அண்ணி, உங்க பேச்சைக் கொஞ்சம் அமுக்கிடலாம். முழுசாப் போவாது, ஆனா யாருக்கும் புரியாத மாதிரி பண்ணிடலாம்" என்றேன்.

"வேணாம். அப்டியே போடு. மாசக் கணக்கா வாசல்ல வந்து மீனு போடுறான், மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல. அதுவாவது சொல்லட்டும்."

நான் அப்படியே போட்டேன். தைரியமா, கோழைத்தனமா, எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தென்னரசு கடைக்கு வந்து முதல் முறை தன் குரலைக் கேட்டபோது கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகைக்கும் சத்தம் இல்லை, குழாயில் காற்று மட்டும் போய்ப் போய் வந்தது. யார் போனில் கிடைத்தது என்று சைகையில் கேட்டான். ஏதோ பழைய ஸ்டேட்டஸ் என்று நான் ஒரு பொய் சொன்னேன். என் பங்குக்கு.

அதன் பிறகு தினமும் அவன் குரல் ஊர் ஊராகப் போனது. நாளைக்கு நூறு தடவை, இருநூறு தடவை. ஒவ்வொரு தடவையும் அதன் வாலில் அண்ணி பேசினாள். ஊரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில் யார் வார்த்தையைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? அண்ணி மட்டும் தினமும் ஏழு மணிக்குத் தட்டோடு வாசலில் நின்று, தன் குரல் வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். நான் எதிரில் என் வீட்டு வாசலில் பல் துலக்கியபடி அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவன் அவள் வாசலில் வண்டியை நிறுத்தினான். ஸ்பீக்கரை அணைத்தான். திரும்பப் போட்டான். கடைசி வரி வந்ததும் அணைத்தான். மறுபடி போட்டான். மூன்று தடவை. பிறகு கழுத்துத் துணிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு பேசினான். நான் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டேன்.

"அக்கா... இது... நீதான? என்னிக்கிப் பேசுனது?"

 அண்ணியின் கண் அவனைவிட்டு விலகவில்லை.

"நீ உழுந்த அன்னிக்கி காலையில. நீ வழுக்கி உழலடா தம்பி. என் கயிறு. செவப்புத் துணிய நான்தான் அவுத்துக்கினு போனேன், சும்மாட்டுக்கு. டாக்டரம்மா என்னைக் கேட்டா, இடிக்கலன்னு சொன்னேன். நீ பாத்துக்கினுதான் இருந்த. அன்னிக்கே சொல்லியிருந்தா உனக்குப் பேச்சு இருந்திருக்கும்னு அந்தம்மா சொன்னா. இதான்டா நடந்துது."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அவன் வெகுநேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான். குழாயில் காற்று விசில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பெட்டியைத் திறந்து, வழக்கம்போல அரைக்கிலோ மத்தியை நிறுத்து அவள் தட்டில் போட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தே போனான். அன்றைக்கு ஸ்பீக்கர் அதன் பிறகு கேட்கவில்லை.

இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். காலனியிலிருந்து ஆள் வரும், போலீஸ் வரும் என்று அண்ணன் உள்ளே உட்கார்ந்து நடுங்கினார். யாரும் வரவில்லை. மறுநாள் ஏழு மணிக்குத் தென்னரசுதான் வந்தான். ஊர் எல்லையில் ஸ்பீக்கர் கேட்டது, பக்கத்துத் தெருவில் கேட்டது. எங்கள் தெருமுனையில் நின்றது. வண்டி மட்டும் அண்ணி வாசலுக்கு வந்தது. அவன் கழுத்தில் விரலை வைத்து, நரம்பு புடைக்க, தன் சொந்த வாயால் கூப்பிட்டான்.

"...ள... ழேய்... த்தி... ஹீ..."

மீன் பேர்கள்தான். ஒவ்வொன்றாக, விடாமல், அத்தனையும். சைக்கிள் டியூபில் பஞ்சர் போட்ட இடம் விட்டுப்போனால் வருமே, அந்தச் சத்தம். கடைசியில் "மீனே" என்று தூக்கப் பார்த்தான். அது பாதியில் இருமலாக முடிந்தது.

அன்றிலிருந்து இன்று வரைக்கும் அப்படித்தான். ஊரெல்லாம் ஸ்பீக்கர், அண்ணி வாசலில் மட்டும் அது கிடையாது. போன வாரம் பேட்டரி மாற்றக் கடைக்கு வந்தபோது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன், அந்த வாசலில் மட்டும் ஏன்டா கஷ்டப்பட்டுக் கூப்பிடுகிறாய் என்று. அவன் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. விரலை வைத்துக்கொண்டான்.

"அக்காவுக்கு... இன்னாத்துக்குண்ணா... ரெக்கார்டு? அவங்களுக்கு... நானே கூப்புடுறேன்."

இன்று காலையும் கூப்பிட்டான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், என்னால் கேட்க முடிவதில்லை. அண்ணி கடைசி மீன் பேர் வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.